கெணத்தடிக் கோப்பி

எழுப்பவா மிஸ்ஸி? வேணாமா? சரி, அவ எந்திரிக்கிற வரைக்கும் உங்க நர்சுப் பையக் கீழ வெச்சுட்டு உக்காருங்க. எங்க ஓரகத்தி சாரதாம்பாள் இப்பத்தான் கண்ணசந்தா. எழுப்புனா எங்க மாமியா என்னைத்தான் கடிச்சுக் கொதறுவாங்க.

உங்க பேச்சக் கேக்குறாளாவா? அப்படியே கேக்குறா. போன மாசம் வந்து, மாசமா இருக்கிறவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, கோப்பி வேணாம், சுருட்டு வேணாம், ஸ்டவுட்டு பீரு வேணாம்னு சொல்லிட்டுப் போனீங்கள்ல? அன்னைக்கே மூணையும் விட்டுட்டா. ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவ மிஸ்ஸி, கொசுவுக்குச் சுருட்டு பிடிச்சுப் பழகுனவ. கல்யாணமாயி வந்தப்புறமும், கொல்லையில எனக்கு ஒரு இழுப்பு குடுத்துட்டுத்தான் அவ இழுப்பா. தீவாளி வந்தா ஆளுக்கு அரை கிளாஸ் ஸ்டவுட்டு. இப்ப என்னமோ பொறந்ததுலேருந்து பால் மட்டும் குடிச்சவ மாதிரி படுத்திருக்கா.

அவ விட்டது கூடப் பரவால்ல. அவளுக்காக வீடே விட்டுச்சே, அதை எங்க போயி சொல்ல? கோப்பி வாசன பட்டா அவளுக்கு ஆசை வந்துருமாம், மாமியா கோப்பிச் சட்டியக் கெணத்தடி அடுப்புக்கு மாத்திட்டாங்க. என் கொழுந்தன் ஜெயபாலன் கள்ளுக்கடைப் பக்கமே போறதில்ல. அது அவன் பொண்டாட்டி, செய்யட்டும். எங்க வீட்டுக்காரருக்கு என்ன வந்துச்சு? பதினோரு வருசமா என் தலமாட்டுல உக்காந்து சிகரெட்டு ஊதுனவரு. நான் இருமுனா, ஜன்னலத் தொறடின்னுவாரு. இப்ப தம்பி பொண்டாட்டிக்குப் பொகை ஆகாதுன்னு வாசல்ல போயி நின்னு குடிக்கிறாரு. அந்தா நிக்கிறாரு பாருங்க.

எனக்குப் பொறாமதான். இல்லன்னு சொன்னா பொய்யி. மெர்டேக்கா வருசம், சுதந்திரத்தோட பொறக்கப் போற புள்ளன்னு இப்பவே பேரு தேடுறாங்க. நானும் ரெண்டு தடவ உண்டானேன் மிஸ்ஸி. ரெண்டு தடவையும் நாள் தள்ளுன ஒடனே ஊரு பூரா சொல்லிட்டேன். பக்கத்துல கம்போங் செட்டி ஊருப் பொம்பளைங்க கூட குவே பலகாரம் செஞ்சு கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. ரெண்டும் மூணாம் மாசத்தத் தாண்டல. அப்ப நான் கெணத்துல தண்ணி எறச்சேன், மாவு இடிச்சேன். கோப்பி குடிக்காதடின்னு ஒருத்தர் சொல்லல.

இன்னைக்கும் மாமியா எனக்கு ஒரு மங்கு கோப்பி நீட்டுனாங்க. அவ கண்ணுல படாம கெணத்தடியில நின்னு குடின்னு ஒரு உத்தரவு வேற. நானும் தெனம் வாங்கிட்டுத்தான் போறேன்.

என்ன மிஸ்ஸி அப்படிப் பாக்குறீங்க? ஆமா, குடிக்கிறதில்ல. பின்னாடி லோங்காங்கு சாக்கடையில ஊத்திடுவேன். முப்பத்தாறு நாளாச்சு. காலைல தலவலி மண்டையப் பொளக்குது. சுருட்டையும் தொடல. இந்தத் தடவ வாயத் தொறக்கக் கூடாது, அவரே பாத்து, ஏன்டி குடிக்கலன்னு கேக்கட்டும்னு இருந்தேன். கேக்கல.

உங்க புஸ்தகத்துல எழுதிக்குங்க. சிவகாமசுந்தரி. ரெண்டு மாசம் முடிஞ்சு பத்து நாளு. எழுதிட்டு, கோப்பி வேணாம், பொகை வேணாம்னு எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா மிஸ்ஸி. வாசலுக்குக் கேக்கணும்.