அப்பா சாய்ந்து நின்ற கார்

— படத்துல சாஞ்சு நிக்கிறவரைக் கொஞ்சம் நகரச் சொல்ல முடியாதாம்மா? நம்பர் பிளேட்டை முழுசா மறைச்சுட்டாரு.

— அவர் எங்கப்பா சார். நகர மாட்டார். நான் பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இறந்துட்டார்.

— அடடா, மன்னிச்சுக்குங்க. பழைய கார் சாமான் விக்கிறவன் கண்ணு, வண்டியைத்தான் முதல்ல பார்க்கும். உங்க வண்டியா?

— அம்மா, நம்ம காரா?

— ஆமாமா, வாசல்ல நாலு நின்னுச்சு! ஏண்டி, எந்த வருஷத்துக் கார்னு தெரிஞ்சா எழுந்து வந்துடுவாரா? கிளம்பு.

— கோவிச்சுக்காதீங்க பெரியம்மா. இங்க வர்ற படத்துல பாதி வாடகைக் கார், மீதி பக்கத்து வீட்டுக் கார். சாஞ்சு நின்னு போஸ் குடுத்தா சொந்தம் ஆயிடும்.

— இவரும் அப்படித்தான். சொந்தக் கால்ல நின்னு நான் பார்த்ததில்ல.

— அம்மா! சார், நீங்க சொல்லுங்க. ஃபிரேம் போட்டுக் கீழே வருஷம் எழுதணும். அப்பாவோட படம்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். அதுவும் போன வாரம்தான் அம்மா பீரோவுல கிடைச்சுது.

— அந்த லென்ஸைக் குடுங்க. ம்... முன் விளக்குக்குக் கீழே தனியா குட்டி விளக்கு. முகப்புல சதுரக் கட்டம். அறுபத்தெட்டு மாடல்மா.

— இருக்காது சார். நான் பொறந்ததே அறுபத்திரண்டு.

— ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த முகப்பு பொறந்தது அறுபத்தெட்டு. இதோ கேட்டலாக், நீங்களே பாருங்க.

— பழைய காருக்குப் புது முகப்பு மாட்டியிருக்கலாமே?

— தாராளமா மாட்டலாம். ஆறு வருஷம் கழிச்சு வரப்போறதை எப்படி மாட்டுறதுன்னுதான் எனக்குத் தெரியல.

— அப்ப இவர் எங்கப்பாவே இல்லையா? அம்மா, யாரு இது?

— உங்கப்பாதான். அந்த மூக்கைத்தான் தினமும் கண்ணாடியில பார்க்கிறியே.

— அப்ப சார் சொல்றது தப்பா?

— கடைக்காரரே, உங்களுக்கு வேற வேலையே கிடையாதா?

— இருந்தா செய்ய மாட்டேனா பெரியம்மா? படத்தைத் திருப்புங்கம்மா, ஸ்டூடியோ முத்திரையில தேதி இருக்கும். அட, பின்னால எதையோ எழுதி, மேல மையை ஊத்தி அடிச்சிருக்காங்களே!

— அம்மா... என்னம்மா இது? யாரு இப்படி அடிச்சது?

— நான்தாண்டி அடிச்சேன். ‘என் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள் வாழ்த்துகள்’னு எழுதியிருந்தார்.