இமாஸுக்குப் போட்ட தோட்டம்

தோட்டம் போடும்போது முதலில் யோசிக்க வேண்டியது செடியை அல்ல. ஜன்னலில் நிற்பவர் கண்ணுக்கு எது படவேண்டும் என்பதைத்தான். லெம்பாங் மலையில் பணக்கார வீடுகளுக்கு நான் போட்டுக்கொடுத்ததெல்லாம் அப்படித்தான், ஐயா. என் வீட்டுக்கு மட்டும் வெகுகாலம் போடாமலே இருந்தேன்.

எங்கள் ஜன்னலில் நின்றது என் மனைவி இமாஸ். அவள் கண்ணுக்குப் பட்டது பக்கத்து வீட்டு யோயோ. இடையில் இடுப்பளவு கம்பிவேலி. காலையில் யோயோ பொரித்த சோயாத் தெம்பேயை அதன்மேல் நீட்டுவாள். இமாஸ் வாங்கித் தின்றுகொண்டே சிரிப்பாள். என்னோடு சாப்பிடும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் யோயோ என் காதுபடவே சொன்னாள்.

"ஊரு பூரா பூச்செடி நடுறாரு உன் வீட்டுக்காரரு. மூஞ்சியில மட்டும் ஒண்ணும் பூக்கலியே."

இமாஸ் அதற்கும் சிரித்தாள்.

அந்த வாரமே வரைபடம் போட்டேன். வேலியோரம் நெருக்கமாக மூங்கில். எங்கள் மழைக்கு அது சீக்கிரம் எழும்பிவிடும். வெளிக்கதவுக்கு நேராகப் போன பாதையைப் பெரணிச் செடிகளுக்குள் வளைத்துவிட்டேன். வீட்டிலிருந்து பார்த்தால் கதவே தெரியாது. வந்தவர்கள் அழகு என்றார்கள். பிறகு கதவுக்குப் பூட்டுப் போட்டேன். உள்ளே விலையுயர்ந்த ஆர்க்கிட் இருந்தது, நியாயமான காரணம்தான்.

மூங்கில் இடுக்கு வழியாகவும் இருவரும் பேசினார்கள். அதனால் அங்கே பாறை அடுக்கி, மோட்டார் வைத்து ஓர் அருவி அமைத்தேன். அதன் குழாய்த் திருகைத் திருப்பினால் சத்தம் கூடும்.

"காது வலிக்குதுங்க. கொஞ்சம் குறைச்சு வைங்களேன்," என்றாள் இமாஸ்.

பழகிவிடும் என்றேன். பழகிக்கொண்டாள். பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்பே மூச்சிளைப்பு உண்டு. நிழலிலும் ஈரத்திலும் வீட்டுச் சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து அது அதிகமானது என்பதையும் மறைக்கவில்லை. மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டாள். மழை விடட்டும் என்றேன்.

போன செவ்வாய் பெரணிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். அருவி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இமாஸ் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். நெஞ்சு விசிலடித்தது. என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூங்கிலருகே போய் மண்டியிட்டு, "யோயோக்கா, மூச்சு விட முடியலக்கா," என்றாள்.

அந்தப் பக்கம் நடமாட்டம் கேட்டது. "இமாஸா? என்னம்மா ஆச்சு?"

யோயோவின் மகனிடம் கார் இருந்தது. பூட்டின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அருவியை முழுதாகத் திறந்துவிட்டேன். அதன்பின் அவள் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. மூச்சு அடங்கும்வரை நின்றேன்; தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை. யோயோ ஆட்களோடு கதவை உடைத்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. நான் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.