கை பழசு

இரவு ஒன்றரை மணி. ஊரைத் தாண்டிய நெடுஞ்சாலை... ஒரு லாரிகூட இல்லை. சாலையோரம் ஒரு மெக்கானிக் ஷெட், அதை ஒட்டினாற்போல் ஒரு வீடு. பூட்டிய ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக்... அப்புறம் கொஞ்சம் தடுமாறி... சரக்.

கிட்டே வந்து உட்காருங்கள். கதவுப் பக்கம் பார்க்காதீர்கள், அங்கே ஒன்றும் இல்லை. இது என் நண்பனின் அண்ணனுக்கு நடந்தது. அவர்தான் அந்த மெக்கானிக். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அண்ணன், அண்ணி, அவர்களோடு அண்ணியின் அப்பாவும், அதாவது அண்ணனின் மாமனாரும், இருந்தார். அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். அதுதான் அவருக்கு உயிர். ஒரு நாள் அதன் கியர் லிவர் ஆடுகிற பல் மாதிரி ஆட ஆரம்பித்தது. லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியின் மூட்டுகளில் சின்ன வளையங்கள் உண்டு, புஷ் என்பார்கள். அவை தேய்ந்துவிட்டன. அந்தக் காலத்து வண்டிக்குப் புஷ் லேசில் கிடைக்குமா? அண்ணன் தோட்டத்துப் பச்சை ஹோஸை நறுக்கித் திணித்துவிட்டு, "புது புஷ் போட்டாச்சு மாமா, இனிமே வெண்ணெய் மாதிரி விழும்" என்றார்.

ஹோஸ் எத்தனை நாள் தாங்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய விருந்தாளிகள். எல்லோரும் வாசலில் நிற்க, பெரியவர் காரை எடுத்தார். இரண்டாவது கியர்... கர்ர்ர்ட். மறுபடியும் கர்ர்ர்ட். வண்டி நின்றுவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அண்ணன் சொன்னது வேறு. "வண்டியில எல்லாம் புதுசு மாமா. உங்க கைதான் பழசாயிடுச்சு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார், காதெல்லாம் சிவந்துபோய். அன்று ராத்திரி ஷெட்டில், எஞ்சினைப் போடாமல் காருக்குள் உட்கார்ந்து, அவர் கியர் போட்டுப் பழகினார். ஜன்னல் வழியாக அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மறுநாள் பெரியவர் கார் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். மழைக்காலம் முடியுமுன் நெஞ்சுவலியில் போயும் விட்டார்.

அடக்கம் முடிந்த வாரமே சத்தம் தொடங்கியது. அண்ணன் டார்ச்சோடு போனால் பூட்டு அப்படியே இருக்கும். காருக்குள் யாரும் இல்லை. தைல வாசனை மட்டும்... பெரியவர் மணிக்கட்டில் தடவுகிற தைலம். லிவர் உருண்டையைத் தொட்டால், வெதுவெதுப்பு.

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. எங்கெங்கோ சொல்லி அசல் புஷ் வரவழைத்தார். வண்டிக்கு அடியில் படுத்து, நசுங்கிய பச்சைத் துண்டுகளைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தார். கிரீஸ் தடவிப் புதுசை இறக்கினார். லிவர் ஆட்டமே இல்லாமல் கல் மாதிரி நின்றது. "மன்னிச்சிடுங்க மாமா, உங்க கை மேல தப்பே இல்ல" என்று காரிடம் மட்டும் முணுமுணுத்தார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் பெண்டாட்டி முகத்தில் எப்படி முழிப்பது?

அன்று இரவு சத்தமே இல்லை. நடுவில் விழித்தார். பக்கத்தில் அண்ணி இல்லை. சமையலறையில் விளக்கு எரிந்தது. மேசை முன்னால் அண்ணி. மேசை மேல், கிரீஸ் ஒட்டிய பச்சை ஹோஸ் துண்டுகள்.

"என் தலையணைக்கு அடியில இருந்துச்சுங்க. என்ன இது?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது... எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "தெரியலையே" என்றார்.

ஷெட்டில்... டக்.

அண்ணி பதறவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். "உங்களுக்கும் கேக்குதா? எனக்குத் தினமும் கேக்குது. கை பழசாயிடுச்சுன்னு நீங்க சொன்னீங்கல்ல... பாவம் எங்கப்பா, இன்னும் பழகிட்டே இருக்காரு."

டக்... டக்... சரக்.

அண்ணன் தலை குனிந்தார். அப்போதுதான் பார்த்தார். மடியில் கிடந்த அவர் கை, அவர் அசைக்காமலே, முன்னால் போயிற்று... பின்னால் வந்தது... நடுவில் நின்று தடுமாறியது.

விரல்களில் தைல வாசனை.