அம்மீட்டரை எரித்தவள்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். நாற்பது வயதிருக்கும், ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி இயற்பியல் டீச்சர். மற்றவள் துணிக்கடை யூனிஃபார்ம் சேலையில் இருந்தாள். பேச்சுக்கு நடுவே டீச்சர் திடீரென்று சொன்னாள்.

"ப்ளஸ் டூ லேப்ல அந்த அம்மீட்டரை எரிச்சது நாந்தாம்ட்டி."

மற்றவள் டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகினாள்.

"சீரிஸ்ல கொடுக்காம நேரா பேட்டரியோட ரெண்டு முனையிலயும் மாட்டிட்டேன். மொத்த கரண்டும் பாஞ்சி, முள்ளு ஓடிப்போய் முட்டி, உள்ள கருகிட்டு. இப்ப வருசா வருசம் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கேன். சொல்லும்போதெல்லாம் உன் நெனப்புதான் வருது. சாரு உன்னையில்லா ஏசினாரு."

"ஏசினதோட போச்சா? வீட்டுக்குச் சொல்லிவிட்டாரு. எங்கப்பா படிச்சது போதும்னுட்டாவ."

"ஒயரு உன் கையில இருந்துச்சேட்டி."

"நீ தப்பா மாட்டியிருந்ததைப் பாத்துட்டு, சாரு வரதுக்குள்ள கழத்திவிடலாம்னுதான் வந்தேன்."

"பின்ன ஏன் அதை அவருகிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு உன்னையே பாத்துக்கிட்டு நின்னேன்."