மூன்றுக்குத் தூக்கு, ஒன்றுக்கு அடி

வீட்டுக்குள் கோல்ஃப் பழக ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே வலை வாங்கிவிடுகிறார்கள். அது தப்பு மேடம். முதலில் பார்க்க வேண்டியது கூரையின் உயரம். மட்டையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றும்போது மின்விசிறியில் படக் கூடாது. உங்களுடைய இந்த அறை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சரிப்படாது. வந்து உட்கார்ந்ததுமே நிமிர்ந்து பார்த்துவிட்டேன், பழக்கதோஷம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை நான். பாட்டில் மூடி செய்கிற ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைமை. மூடி கசியக் கூடாது, அதுதான் என் வேலை. இத்தனை வருஷத்தில் என் கை பட்டு வெளியே போன மூடி கசிந்தது என்று எவனும் விரல் நீட்டிப் பேசியதில்லை.

எங்களுக்குப் புதிதாக ஒரு டைரக்டர் வந்தார். கோல்ஃப் பைத்தியம். அவர் வந்த பிறகு முக்கியமான பேச்செல்லாம் ஆபீஸை விட்டுப் புல்வெளிக்குப் போய்விட்டது. ஒவ்வொருவராகத் தொப்பி வாங்கினார்கள், நானும் வாங்கினேன். முதல் நாள் என் முறை வந்ததும் ஓங்கி வீசினேன். பந்து வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. மறுபடி வீசினேன். புல் பெயர்ந்து டைரக்டரின் வெள்ளைக் கால்சட்டையில் போய் அப்பிக்கொண்டது. "பந்துக்கு வலிக்கும்னு பாக்குறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கீழே வேலை பார்ப்பவனும் சிரித்தான். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றைக்கு எனக்கு அது நடந்தது.

அதற்குமேல் பொறுப்பது என் சுபாவம் இல்லை. ஒரு கோச்சைப் பிடித்தேன். நல்ல பையன், பொறுமைசாலி. என் கையில் பலத்துக்குக் குறைவில்லை, நிதானம்தான் இல்லை என்றான். "மூணு எண்ணித் தூக்குங்க சார், ஒண்ணுல அடிங்க. மனசுக்குள்ள ஒரு தாளம் ஓடணும்" என்றான். எனக்குத் தாளமும் வராது, பாட்டும் வராது. கல்யாண வீட்டில் கைதட்டும்போதுகூட நான் மட்டும் தனியாகத் தட்டுவேன். வீட்டில் தினமும் பழகினால் வந்துவிடும் என்று அவன்தான் சொன்னான்.

இடம் பார்த்தேன். கார் ஷெட்டின் தகரம் தாழ்வு. மொட்டை மாடியில் காற்று. ஹாலில் என் மனைவியின் கண்ணாடி அலமாரி இருக்கிறது, அதில் ஒரு கீறல் விழுந்தால் நான் வீட்டில் இருக்க முடியாது. மிச்சம் இருந்தது மாமாவின் அறை ஒன்றுதான்.

மாமா என்றால் என் மாமனார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். வீடு அவர் கட்டியது. அந்த ஓர் அறையை மட்டும் உயரமாகக் கட்டியிருந்தார், மகளுக்குக் கயிறு ஏறக் கற்றுக்கொடுப்பதற்காக. கயிறு மாட்டிய கொக்கி இன்னும் கூரையில் இருக்கிறது. வலை தொங்கவிட அதைவிட வாகான கொக்கி கடையில்கூடக் கிடைக்காது. பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்கு வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். புத்தி தெளிவாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி அவள் ஊருக்குக் கிளம்பினாள். பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டார். சாயங்காலத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் என் பொறுப்பு. கிளம்புவதற்கு முன்னால் மனைவி என்னைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். மாமா ஸ்பூனால் சுவரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம்.

"மூணு தட்டி, நிறுத்தி, ஒண்ணு தட்டினாருன்னா அவசரம்ங்க. கையில எது இருந்தாலும் கீழ போட்டுட்டு ஓடுங்க" என்றாள்.

என்னை மேஜையில் தட்டிக் காட்டச் சொன்னாள். தட்டிக் காட்டினேன். சரியாகத்தான் தட்டினேன். "என்னங்க, மறந்துட மாட்டீங்களே?" என்று வாசலில் வைத்து இன்னொரு தரம் கேட்டாள். நான் மறதிக்காரன் இல்லை.

அவள் போன பிறகு மாமாவைப் பக்கத்து அறைக்கு மாற்றினேன். துணி தேய்க்கிற அறை. சின்னதுதான், ஆனால் பாத்ரூமுக்கு நாலே எட்டு. "ஐயாவுக்கு அந்த ஜன்னல்தான் சார் உசிரு, தெருவப் பாத்துக்கிட்டே கிடப்பாரு" என்று பார்த்துக்கொள்கிற அம்மா முனகினார். பந்து பறக்கிற அறையில் நோயாளியைப் படுக்கவைக்க முடியுமா என்று கேட்டேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அறைக்குப் பெயிண்ட் அடிப்பதால் மாற்றியிருக்கிறேன் என்று மனைவிக்குப் போனில் சொன்னேன். அதிலும் பொய் இல்லை. வலைக்குப் பின்னால் இருக்கிற சுவருக்குப் பச்சை அடித்தேன், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

முதல் வாரம் மாமா தட்டும்போதெல்லாம் போனேன். நீங்கள் நம்ப வேண்டும். பந்தை வைத்து, காலை அகட்டி, பிடியைச் சரிசெய்து, மூச்சை இழுத்து நிறுத்தியிருப்பேன், அப்போது பார்த்து ஒரு தட்டு. தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பேன். உடனே இரண்டு தட்டு. வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசியில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன்: கூடையில் உள்ள பந்து தீர்ந்த பிறகுதான் போவது. ஆபீஸிலும் ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றைத் தொடவிடமாட்டேன்.

ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் ஆள் வரவில்லை என்றதும் மாமா எல்லாவற்றுக்கும் மூன்றும் ஒன்றும் தட்ட ஆரம்பித்தார். தண்ணீருக்கும் அவசரம், போர்வை நழுவினாலும் அவசரம். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே, அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் பந்து வழக்கத்துக்கு மாறாக 'ணக்' என்று பட்டு நேராகப் போனது. அடுத்ததும் அப்படியே. என்ன செய்தோம் என்று யோசித்தேன். அவர் மூன்று தட்டும்போது தூக்கியிருக்கிறேன், ஒன்றுக்கு அடித்திருக்கிறேன்.

காலமெல்லாம் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தவர் அல்லவா. கடிகாரம்கூட அப்படி ஓடாது. அதற்குப் பிறகு அவர் தட்டுவதற்காகவே மட்டையைத் தூக்கத் தயாராக நிற்பேன். அவருக்கும் பொழுதுபோக வேண்டும், எனக்கும் பழக வேண்டும். இரண்டு பேருமாகச் சேர்ந்து பழகுகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் அவ்வளவு ஒத்துப்போனது கிடையாது.

கோச் வீடியோ கேட்டான், எடுத்து அனுப்பினேன். குரல் செய்தியில் பதில் வந்தது. "சார், இப்பதான் சார் தாளம் வந்திருக்கு. பின்னாடி டொக்கு டொக்குன்னு கேக்குதே, ஏதாவது மிஷினா? நல்ல ஐடியா சார், அத விட்றாதீங்க." நீங்கள் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். விடாதே என்றது அவன்தான்.

அந்தச் சனிக்கிழமை புல்வெளியில் டைரக்டர் முன்னால் அடித்தேன். சுவர்ச் சத்தத்தை மனசுக்குள் ஓடவிட்டு அடித்தேன். பந்து நூல் பிடித்தமாதிரி நேராகப் போனது. "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று டைரக்டர் கேட்டார். "என் மாமனார்கிட்ட சார். அந்தக் காலத்து டிரில் மாஸ்டர்" என்றேன். ரொம்பப் பெருமையாக இருந்தது மேடம். அடுத்த வாரம் தன்னோடு சேர்ந்து ஆட வரச் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கேட்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

மத்தியானம் மாமாவுக்கு ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, அறைக்கு வந்து கூடையை நிரப்பினேன். போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோவை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தட்டல் ஆரம்பித்தது. மூன்று, நிறுத்தம், ஒன்று. முதலில் வேகமாக வந்தது, அவருக்கு வழக்கமில்லாத வேகம். என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை, இரண்டு பந்து கோணலாகப் போனது. பிறகு நிதானத்துக்கு வந்தது. ஸ்பூன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது கை முட்டியின் சத்தம். ஸ்பூனைவிட மென்மையாக இருந்தது, எனக்கு அதுவே பிடித்திருந்தது. போகப் போக இன்னும் மெதுவானது. மெதுவாகத் தூக்குங்கள் என்று கோச் தலைபாடாக அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான் எனக்குக் கைவந்தது. என் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. கூடை தீர்ந்துவிட்டது. என் ஒழுங்குப்படி நான் போயிருக்க வேண்டிய நேரம் அது. நான் பந்துகளைப் பொறுக்கி மறுபடியும் கூடையை நிரப்பினேன்.

கடைசியில் மூன்று தட்டு வந்தது. நான் தூக்கினேன். ஒன்று வரவில்லை. மட்டையை மேலே பிடித்தபடி நின்றேன். கை வலிக்கிற வரைக்கும் நின்றேன். ஏன் நின்றுபோனது என்று பார்க்கத்தான் பக்கத்து அறைக்குப் போனேன்.

சாப்பிட்ட சோறு புரையேறியிருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் தட்டியிருந்தால் போதும். டாக்டர் வந்தார், வயசைக் கேட்டார், எழுதிக்கொடுத்துவிட்டார். மனைவி வந்தாள், அழுதாள். காரியமெல்லாம் நான் முன்னால் நின்று குறைவில்லாமல் நடத்தினேன். வந்தவர்கள் எல்லோரும், மருமகன் மகன் மாதிரி என்றார்கள்.

வீடு காலியான பிறகு அவள் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மனசை மாற்றலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவைக் காட்டினேன். வேறு யாரும் காட்டவில்லை மேடம், நானேதான் காட்டினேன். என்னிடம் கள்ளம் இருந்தால் காட்டியிருப்பேனா? அவள் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இது என்ன சத்தம்?"

"மாமா" என்றேன்.

போனை வாங்கி, முதலிலிருந்து ஓடவிட்டு, கடைசிவரைக்கும் கேட்டாள். பிறகு எழுந்து சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா ஞாபகம், தனியாக இருக்கட்டும் என்று நான் என் அறைக்குப் போனேன். சும்மா நிற்பானேன் என்று ஒரு மட்டையை எடுத்தேன்.

அப்போது சுவரில் தட்டல் கேட்டது. மூன்று, நிறுத்தம், ஒன்று. அவள்தான், ஸ்பூனால். அதே சுவர், அதே இடம். நான் அடித்தேன். பந்து வலையில் மோதிய சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். மறுபடி தட்டினாள். மறுபடி அடித்தேன். அதற்குப் பிறகு அவள் கையில் ஸ்பூனோடு வந்து கதவருகில் நின்றாள். என்னையே பார்த்தாள். அங்கிருந்தபடியேதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. அர்த்தம் தெரியுமா என்கிறீர்கள். தெரியும், மேஜையில் தட்டிக் காட்டியவன்தானே நான். அன்றைக்கு உயிருக்குத்தான் தட்டுகிறார் என்று தெரியுமா என்கிறீர்கள். ஸ்பூன் விழுந்தபோதே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் வருத்தமெல்லாம் அவள்மேல்தான். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள், கதவருகில் அவ்வளவு நேரம் நின்றவள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு பந்தும் வலைக்கு நட்டநடுவில் போய் விழுந்திருந்தன, அதையாவது அவள் கவனித்திருக்கலாம்.