எழுபதைத் தொடாத முள்

நடப்பது என்றாலே எனக்கு ஆகாது, ஐயா. தெருக்கோடியில் போய் ஒரு பல்பு வாங்கிவர வேண்டுமென்றாலும் ஸ்கூட்டரை எடுக்கிற ஆள் நான். போன வருடம் என் எடை தொண்ணூற்றொன்பது கிலோ. நூறு ஆகவில்லையே என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் எடை மெஷின்களைச் சோதிக்கிற அதிகாரி. ஆஸ்பத்திரி வார்டில் சரியாக ஓடிக்கொண்டிருந்த மெஷினில் 'பழுது' என்று ஏன் சீட்டுக் கட்டினாய் என்றுதான் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

எங்கள் பக்கத்து கிளினிக் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எண்பதுக்கு வந்தே ஆக வேண்டும் என்றார். ஜிம்மில் ஆறு மாதத்துக்குச் சேர்ந்து ஒன்பது நாள் போனேன். ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன், அதில் இப்போது துணி காய்கிறது. டிவியைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். உடற்பயிற்சியில் சந்தோஷம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் புளுகுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்கு வயிற்றில் குடலிறக்கம் என்று தெரியவந்தது. அவள் எண்பத்தொரு கிலோ. எழுபதுக்கு வந்தால் ஆபரேஷனுக்கு எழுதித் தருகிறேன், அதுவரை பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக நடங்கள் என்றார் அதே டாக்டர். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அங்கே ஒரு மேற்பார்வையாளர் உண்டு. கோபம் வந்தால் மூக்கிலிருந்து விசில் வரும், அதனால் அவருக்குக் குக்கர் என்று பெயர். எங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றி நடக்கும்போது குக்கர் கதைகளை அவரைப் போலவே மூச்சு விட்டுச் சொல்லிக்கொண்டு வருவாள். நாலாவது சுற்று முடிந்து குளத்து வாசல் கேட்டைத் தொட்டதும், கதை எங்கே இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவாள்.

"மீதி நாளைக்கு. எழுந்து வந்தாத்தான் சொல்வேன்."

என்னை எழுப்புவதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது. பலித்தது. அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்து, ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை, ஐயா. மூன்று மாதத்தில் நான் தொண்ணூறு, அவள் எழுபத்தைந்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு எடை மெஷினிலிருந்து இறங்கியவள் சொன்னாள்: "இன்னும் அஞ்சுதாங்க. ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் தினமும் ஏழு மணி வரைக்கும் தூங்கப்போறேன். நீங்க தனியா நடந்துக்கங்க சாமி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அடுத்த சனிக்கிழமை அந்த மெஷினைத் திறந்தேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். எடை மெஷினைத் திறந்து, சுத்தம் செய்து, சரிபார்த்து, ஈய முத்திரை வைப்பது. மேடைக்குக் கீழே நெம்புகோலை ஒட்டி ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் ஆள் ஏறாதபோது முள் பூஜ்யத்திலேயே நிற்கும், ஏறினால்தான் கூடக் காட்டும். மொத்தமாகத் திருப்பினால் சந்தேகம் வரும். அவள் ஒரு வாரத்தில் எவ்வளவு குறைந்திருப்பாளோ அந்த அளவுக்கு மட்டும், ஒவ்வொரு சனிக்கிழமையும், அவள் குளிக்கப் போகும் நேரத்தில் திருப்பினேன். கிளினிக் மெஷினும் என் பொறுப்பில்தான் இருந்தது. மாதம் ஒருமுறை போய் அதையும் வீட்டு மெஷினோடு ஒத்துப்போக வைத்தேன். அந்த ஐந்து மாதத்தில் அங்கே வந்த எல்லோருமே கொஞ்சம் குண்டாகிவிட்டார்கள். டாக்டர் எல்லோரையும் திட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

எண்பதுக்கு வரும்வரைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் எண்பதைத் தொட்டதும் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவது, அவளும் எழுபதுக்குக் கீழே நிற்பாள், இரண்டு பேருக்கும் நல்லது என்று கணக்குப் போட்டேன்.

அவளுக்குச் சந்தேகம் வராமலில்லை. தையல்காரிதானே. ஒருநாள் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மூணு இஞ்சு கொறைஞ்சிருக்குங்க. சட்டையெல்லாம் தொளதொளன்னு நிக்குது. முள்ளு மட்டும் ஏன் எழுபத்தஞ்சுலயே நிக்குது?"

"டேப்பு பழசாகி இழுத்திருக்கும்," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் மெஷினின் பக்கவாட்டில் இருந்த என் முத்திரையைப் பார்த்தாள். பிறகு, "அதுவும் சரிதான். டேப்பு இழுக்கும், உங்க முத்திரை பொய் சொல்லுமா" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே புது டேப் வாங்கிவந்தாள். புது டேப்பும் அதையே சொன்னது. அதையும் அவள் நம்பவில்லை. இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். பிறகு அந்தப் பாதியையும் நிறுத்தினாள். நானும் அதே மெஷினில் தொண்ணூறிலேயே நிற்பதைப் பார்த்து என்னைத் தேற்றுவாள். "விடுங்க, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஒடம்புவாகு. மனசை விட்டுறாதீங்க."

ஒரு நாள் காலை அவள் எழவில்லை. வயிறு என்னவோ செய்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றாள். முந்தின நாள் குக்கர் முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதோடு கதை நின்றிருந்தது. "ஒரு சுத்தாவது வா, இன்னும் அஞ்சு கிலோ இருக்கே" என்றேன். அந்த வார்த்தை போதும் அவளுக்கு. எழுந்து பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது திருப்பத்தில், சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். வலியில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த அறைக்குள் குக்கருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நொடி யோசித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இறங்கிய குடல் முறுக்கிக்கொண்டு அழுகத் தொடங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு முன் அவளை எடை பார்த்தார்கள். அறுபத்தாறு. கிளினிக் சீட்டில் எழுபத்தைந்து. நர்ஸ் குழம்பிப்போய் என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, நீங்க மெஷின் ரிப்பேர்க்காரராமே. இது தப்பாக் காட்டுதா பாருங்களேன்."

குனிந்து பார்த்தேன். நல்ல மெஷின், ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ரெச்சரில் இருந்து அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாம், தப்பாத்தான் காட்டுது" என்றேன். என் பையிலிருந்த பழுதுச் சீட்டு ஒன்றை எடுத்துக் கட்டினேன். நர்ஸ் அதை நகர்த்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து மறுபடி எடை பார்த்துக்கொண்டாள். அதிலும் அறுபத்தாறுதான். அவசரத்தில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, வலியில் கண்ணை மூடியிருந்த அவளுக்கு அது தெரியவும் இல்லை.

கதவு வரைக்கும் கூடவே போனேன். அங்கே நின்ற சர்ஜனிடம் அவள் கைகூப்பினாள். "மன்னிச்சிருங்க டாக்டர். எவ்வளவோ முயற்சி பண்ணினேன், எழுபதுக்கு வர முடியலை." நான் பக்கத்தில்தான் நின்றேன், ஐயா.

இரண்டடிக் குடலை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இருந்த நிலைமையில் குடல் மறுபடி இறங்காதபடி வலை வைத்துத் தைக்க முடியவில்லையாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் வேண்டுமாம். அதற்குள் எப்படியும் எழுபதுக்கு வந்துவிடுகிறேன் என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வாரத்திலிருந்து வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நான் கூடவே நடக்கிறேன்.

எண்பது வந்ததும் திருகைச் சரிசெய்வதாகச் சொன்னேன் இல்லையா. என் பட்டறையில் இருக்கிற சோதனை மெஷினில் நான் எண்பதைத் தொட்டது, அவள் பெஞ்சில் உட்கார்ந்த நாளுக்கு ஐந்து வாரத்துக்கு முன்பு. அதற்குப் பிறகும் ஐந்து சனிக்கிழமை வந்தன. ஐந்திலும் திருப்பினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு மெஷினையும் கெடுத்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். உரிமத்தைப் பறிப்பதானால் பறித்துக்கொள்ளுங்கள், ஜெயில் என்றாலும் சரி. வெட்கத்தில் உங்கள் முகத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இது அவளுக்குத் தெரிய வேண்டாம், ஐயா. இப்போதுதான் மறுபடி எழுந்து நடக்கிறாள், தெரிந்தால் அவளுக்கு நடக்கிற ஆசையே விட்டுப்போய்விடும்.