தம்பியின் பாதி

அந்தச் சமையற்காரம்மாவை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. அவளுக்கு முழங்கால் வலி. நேற்றிலிருந்து ஸ்டேஷனில் அந்த மரப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். காபி போட்டவள் அவள் என்பதற்காக மிச்சத்தையும் அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை. உப்பு போட்டோமா இல்லையா என்று மூன்று முறை நாக்கில் வைத்துப் பார்க்கிற பெண் அவள். அவரவர் செய்ததற்கு அவரவரே பொறுப்பு என்பது என் கொள்கை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்திருக்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

நாங்கள் குடை செய்கிறவர்கள். அப்பா சாகும்போது தொழிற்சாலையை எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி என்று எழுதிவைத்தார். கூடவே இரண்டு ஏற்பாடு. இருவரும் கையெழுத்துப் போடாமல் யாரும் தன் பங்கை விற்கவோ கொடுக்கவோ கூடாது. இரண்டாவது, தினமும் காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்கு முன் அண்ணன் தன் கையால் தம்பிக்குக் காபி ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஒரே பாத்திரத்துக் காபியைக் குடிக்கிறவர்கள் வெட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் நம்பினார். முப்பது வருடம் ஒரு நாள் தவறாமல் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா சொல்லைத் தட்டிய பிள்ளை என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புத்தகம் படிப்பான், தோட்டத்தில் நடப்பான், யாருக்கும் தொந்தரவில்லாத ஆள். எல்லாம் கெட்டது ஒரு மழைநாளில். தொழிற்சாலைக்குப் பின்னால் வேலைக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் போயிருக்கிறான். அங்கே குடைத்துணி தைக்கிற பெண் ஒருத்தி, கூரை ஒழுகுகிறதென்று, தூங்குகிற குழந்தைக்கு மேல் எங்கள் குடையையே விரித்துப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாளாம். இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. குடை எதற்கு இருக்கிறது? நம் சரக்கு விடியும்வரை ஒழுகாமல் தாங்கியதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாளே தன் கட்டிலை அந்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தான். பிறகு அலமாரி, சைக்கிள், குளிர்காலத்துக் கம்பளி. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வாங்கியவர்கள் முன்னால் அவன் தலைகுனிந்து நின்றான், ஏதோ திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவன் போல. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இது தர்மம் இல்லண்ணா. அவங்க உழைப்புலதான் நாம சாப்பிடுறோம். பகிர்ந்து குடுக்கிறது நம்ம பொறுப்பு."

"அஞ்சு விரலும் ஒண்ணாவாடா இருக்கு?"

"ஒண்ணா இல்லதான். ஆனா ஒரு விரல்ல முள்ளு குத்தினா மத்த நாலும் சும்மா இருக்குதா?"

படித்தவன் பேசுகிற பேச்சா இது? அவரவர் கூரை அவரவர் பொறுப்பு. என் வீட்டுக் கூரை ஒழுகினால் நான் அவர்கள் வாசலில் போய் நிற்கிறேனா?

உயிரோடு இருக்கும்வரை என் கையெழுத்தில்லாமல் அவனால் பங்கைக் கொடுக்க முடியாது. ஆனால் உயிலுக்கு என் கையெழுத்து வேண்டாம் என்று யாரோ ஒரு வக்கீல் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். தன் காலத்துக்குப் பிறகு தன் பாதி, அங்கே வேலை செய்கிற அறுபது பேருக்கும் சமமாக என்று எழுதி, ஃபோர்மேனையும் அந்த வக்கீலையும் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தான். எழுதிவிட்டு, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் போல என்னிடம் ஓடிவந்து காட்டினான். என் மகனுக்கு என்னடா மிச்சம் என்று கேட்டேன்.

"உங்க பாதி முழுசா இருக்கேண்ணா. அது போதாதா?"

போதாதா என்று கேட்கிறான். பாதி கொடுத்துவிட்டுப் பாதியோடு வாழ்வது அவனுக்குச் சுலபமாக இருக்கலாம். நான் குடும்பஸ்தன்.

புத்தி சரியில்லாதவன் எழுதிய உயில் செல்லாது. இது சட்டம், நான் கண்டுபிடித்ததில்லை. என் தம்பிக்குப் புத்தி சரியில்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை, ஏனென்றால் பார்க்க நன்றாக இருந்தான். உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி செய்தேன், அவ்வளவுதான். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்திருந்த தூக்க மாத்திரையைப் பொடித்துத் தினமும் கொஞ்சம் அவன் கோப்பையில் போட்டுவைத்து, அதன்மேல் காபியை ஊற்றிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் அவன் கை நடுங்கியது. கிழமை மறந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி எச்சில் வழிந்தது. நான்தான் துடைத்துவிட்டேன், என் சொந்தக் கைக்குட்டையால். சின்ன முதலாளிக்கு மூளை கலங்கிப்போச்சு என்று ஊரே பேசியது. டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

அந்த நிலையிலும், உயிலை மாற்றி எழுது என்றால் மட்டும் தலையை ஆட்டிவிடுவான். "அது மட்டும் வேணாண்ணா" என்பான். என் மகன் பெயரை மறந்தவனுக்கு அந்த அறுபது பேர் பெயரும் மறக்கவில்லை. தம்பியாக இருந்தாலும் இந்த மாதிரி அலட்சியத்தை யார் பொறுப்பார்கள்?

பிறகு ஃபோர்மேன் ஒரு காரியம் செய்தான். கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்று தம்பியைக் கூட்டிக்கொண்டுபோய் வரிசை வீட்டில் வைத்துக்கொண்டான். காலைக் காபிக்கு வரவில்லை. பத்தே நாளில் கை நடுக்கம் நின்று, பேச்சுத் தெளிந்துவிட்டது. நகரத்திலிருந்து பெரிய டாக்டர் ஒருவரைத் திங்கட்கிழமை வரவழைத்து, இவன் நல்ல புத்தியோடு இருக்கிறான் என்று எழுதி வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இந்த அளவுக்கு யோசிக்கிற ஃபோர்மேனுக்கு நான்தானே சம்பளம் கொடுக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் அனுப்பினேன். அப்பா சொல்லை மறந்துவிட்டாயா, காபிக்கு வா என்று. வந்தான். தனியாகத்தான் வந்தான். முடி வெட்டி, சுத்தமாக, பழைய மாதிரி இருந்தான். வீட்டில் மீதியிருந்த மாத்திரை அத்தனையும் அன்று அவன் கோப்பையில் இருந்தது. கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டிருந்தேன்.

ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கோப்பை காலியாக இருந்தது. தன் காபியில் பாதியை அதில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினான்.

"பாதி நீங்க குடிங்கண்ணா. பாதி நான் குடிக்கிறேன்."

எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என் கோப்பையில் ஊற்றியதைத் திரும்ப எடுத்துத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டான். "மழைக்கு முன்னாடி அந்தக் கூரையை மட்டும் மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். பிறகு சோபாவில் சாய்ந்து படுத்தான். குளிருமே என்று போர்வை போர்த்திவிட்டேன். மத்தியானம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவன் இல்லையா?

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நான் திருந்துவதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்தான் என்று ஃபோர்மேன் உங்களிடம் சொல்லியிருப்பான். இருக்கலாம். நானும் இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னைச் சிறையில் போடுங்கள், அதைப் பற்றி எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஐயா, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் ஒருவன் குடித்தான் என்றால் அவனுக்குப் புத்தி எப்படிச் சரியாக இருந்திருக்கும்? அந்த உயில் செல்லாது. அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.